பேட்டையும் தண்டும்: பெங்களூரின் இரு கரைகள்

பெங்களூரு மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிந்தது. மத்தி, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என ஐந்து மாநகராட்சிகள். அவற்றுக்கு மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம். இனியாவது குப்பை ஒழுங்காக எடுப்பார்களா, சாலைக் குழிகளை மூடுவார்களா என்பதில்தான் ஊராரின் கவனம் இருந்தது. அது நியாயமானதும்கூட. ஆனால், ஒரே ஊரைக் கூறுபோடலாமா என்று வருந்தியவர்கள் ஒரு பழைய கணக்கைப் பார்க்கத் தவறிவிட்டார்கள். பெங்களூரு ஒரே ஊராக இருந்ததே முக்கால் நூற்றாண்டுதான். 1949 டிசம்பரில்தான் இரண்டு நகராட்சிகள் சட்டப்படி ஒன்றாயின. அதற்கு முன்பு 140 ஆண்டுகள் இங்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஊர்கள் இருந்தன. இரண்டுக்கும் பெரும்பாலான காலம் வேறு வேறு எஜமானர்கள், வேறு சட்டம், வேறு போலீஸ், பெருமளவுக்கு வேறு மொழி.

மேற்கே இருந்தது பேட்டை. 1537-ல் கெம்பே கவுடர் மண்கோட்டை கட்டி எழுப்பிய வியாபார ஊர். அரிசிக்கு அக்கிப்பேட்டை, பஞ்சுக்கு அரளேப்பேட்டை, வளையலுக்கு பளேப்பேட்டை என்று சரக்கின் பெயரே தெருவின் பெயரானது. கிழக்கே இருந்தது தண்டு, அதாவது கன்டோன்மென்ட். 1799-ல் திப்பு வீழ்ந்ததும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் முகாமிட்ட ஆங்கிலப் படை காய்ச்சலில் சாகத் தொடங்கியது. உடம்புக்கு ஒத்துவரும் காற்றைத் தேடி 1809-ல் அல்சூர் ஏரிப் பக்கம் வந்து இறங்கினார்கள். படை தனியாக வருவதில்லை. சமையல்காரர், சலவைக்காரர், தையல்காரர், கொத்தனார், குதிரைக்காரர், கறிக்கடைக்காரர், கணக்குப்பிள்ளை என்று மதராஸ் மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஒரு ஊரே பின்னால் வந்தது. சிவாஜிநகரில் இன்றும் இருக்கும் தண்டு மாரியம்மன் கோயில் அவர்களை நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

1881-ல் மைசூர் அரசை உடையார் குடும்பத்திடம் ஆங்கிலேயர் திருப்பிக் கொடுத்தபோது தண்டை மட்டும் கொடுக்கவில்லை. ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்ற பெயரில் அதை ஆங்கிலேய அரசின் பிரதிநிதியான ரெசிடென்ட் ஆண்டார். பேட்டையை மகாராஜாவின் திவான் ஆண்டார். நடுவே கப்பன் பூங்கா. 1870-ல் ராணுவப் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி வடிவமைத்த அந்தப் பசும்பரப்பின் ஒரு பக்கம் மைசூர் ராஜ்ஜியம், மறுபக்கம் லண்டனின் கை நீண்டு வந்து ஆண்ட பூமி. ரயில்கூட முதலில் தண்டுக்குத்தான் வந்தது. 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து போட்ட பாதை கன்டோன்மென்ட் நிலையத்தோடு நின்றது. வட ஆற்காட்டுக்காரர்களுக்குப் பெங்களூரு ஒருநாள் பயணமானது அந்தப் பாதையால்தான். இதற்கெல்லாம் பேட்டை ஒரு விஷயத்தில் பழி தீர்த்துக்கொண்டது: சிவசமுத்திரத்து மின்சாரத்தில் 1905 ஆகஸ்டில் தெருவிளக்கு எரிந்தது துரைமார் வாழ்ந்த தண்டில் அல்ல, பேட்டையின் சந்தைப் பக்கம்.

இரு கண்டங்களை இணைக்கும் நாடு என்று துருக்கியைச் சொல்வார்கள். இஸ்தான்புல் நகரத்தின் ஊடே பாஸ்போரஸ் நீரிணை ஓடுகிறது. ஒரு கரை ஐரோப்பா, மறுகரை ஆசியா. 1973-ல் அதன் குறுக்கே முதல் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து அந்தப் படம் இல்லாத சுற்றுலாப் பிரசுரம் கிடையாது. பெங்களூருக்கு அப்படியொரு பாஸ்போரஸ் உண்டென்றால் அது கப்பன் பூங்காதான். மைசூருக்கும் துருக்கிக்கும் நேரடித் தொடர்பும் இருந்திருக்கிறது. 1786-ல் திப்பு சுல்தான் கான்ஸ்டான்டிநோபிளுக்கு ஒரு பெரிய தூதுக்குழுவை அனுப்பினார். அரசுரிமைக்கு ஒட்டோமான் சுல்தானின் அங்கீகாரம் வேண்டும், வணிகச் சலுகை வேண்டும், ஆங்கிலேயருக்கு எதிராகத் துணை வேண்டும். அங்கீகாரம் கிடைத்தது, துணை கிடைக்கவில்லை. போனவர்களில் பெரும்பாலோர் நோயிலும் கடலிலும் மாண்டார்கள். 1918-ல் அதே மைசூரின் குதிரைப் படை ஒட்டோமான்களுக்கு எதிராக ஹைஃபாவில் போரிட்டது. அதன் நினைவுத்தூண் ஜே.சி. நகரில் நிற்கிறது.

நான் துருக்கியை இழுத்ததற்குக் காரணம் வேறு. பாலம் என்று புகழப்படும் இடங்களில் பாலத்தின்மேல் குடியிருப்பவர்களின் கதியை யாரும் விசாரிப்பதில்லை. துருக்கிக் குடியரசு பிறந்த 1923-ல் கிரீஸுடன் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. அனடோலியாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் கிரீஸ் கணக்கில் சேர்ந்தார்கள். கிரீஸில் வாழ்ந்த லட்சக்கணக்கான முஸ்லிம்கள் துருக்கிக் கணக்கில் சேர்ந்தார்கள். பலருக்குப் போய்ச் சேர்ந்த நாட்டின் மொழிகூடத் தெரியாது. இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கு விலக்கு கிடைத்தது. அவர்களுக்கும் 1955 செப்டம்பரில் முறை வந்தது. சைப்ரஸ் தீவு யாருக்கு என்ற தகராறு முற்றியிருந்த நேரம். தெசலோனிகியில் அத்தாதுர்க் பிறந்த வீட்டில் குண்டு வெடித்ததாகச் செய்தி பரவ, இரவோடு இரவாக இஸ்தான்புல்லில் கிரேக்கர்களின் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. சைப்ரஸைப் பற்றி அந்தக் கடைக்காரர்களிடம் யாரும் அதற்கு முன்னால் கருத்துக் கேட்டதில்லை. அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டே போய்விட்டார்கள்.

பெங்களூரில் நடந்ததை இதற்குச் சமம் என்று சொல்ல வரவில்லை. அளவு வேறு, முடிவும் வேறு. இங்கே தமிழர்கள் போகவில்லை, இருக்கிறார்கள். ஆனால் வேறெங்கோ நடக்கும் தகராறுக்கு இங்கே இருப்பவனைப் பிணையாகப் பிடிக்கும் வழக்கம் இரண்டு ஊருக்கும் பொது.

1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு தந்தது: ஆண்டுக்கு 205 டிஎம்சி தமிழ்நாட்டுக்கு. கர்நாடகம் அதைத் தடுக்க அவசரச் சட்டம் போட்டது. உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. டிசம்பரில் மத்திய அரசிதழில் உத்தரவு வெளியானது. அடுத்த சில நாட்களில் பெங்களூரில் தமிழர் வாழ்ந்த குடிசைப் பகுதிகளும் கடைகளும் எரிந்தன. பலர் உயிரிழந்தார்கள். பல்லாயிரம் பேர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓசூர் வழியாக எல்லை தாண்டினார்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தண்ணீர் திறக்கச் சொன்னபோது மறுபடியும் அதே காட்சி. இந்த முறை தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் இலக்காயின. தமிழ்நாட்டிலும் கர்நாடகப் பதிவெண் வண்டிகளும் கன்னடர் நடத்தும் உணவகங்களும் தாக்கப்பட்டன என்பதையும் இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதில் ஒரு வினோதத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பெங்களூர்த் தமிழன் குடிப்பதும் காவிரித் தண்ணீர்தான். நூறு கிலோமீட்டர் தூரத்தில் தொரெக்காடனஹள்ளியில் சுத்திகரித்து, மேடேற்றி அனுப்பும் அந்த நீர் 1970-களில் வரத் தொடங்கியது. அது கர்நாடகத்தின் பங்கிலிருந்து வருகிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்குப் பிலிகுண்டுலுவில் தர வேண்டிய அளவை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. அந்த 14.75 டிஎம்சியில் 4.75 டிஎம்சி பெங்களூரின் குடிநீருக்கு என்றே ஒதுக்கப்பட்டது. ஆக, அல்சூரில் குழாயடியில் குடம் வைக்கும் தமிழ்ப் பெண்ணின் நலன் இந்த வழக்கில் கர்நாடகத்தின் பக்கம் இருந்தது. அடி வாங்கியபோது அவள் தமிழ்நாட்டின் ஆள். தண்ணீர் கிடைத்தபோது யாருடைய ஆளும் இல்லை.

பெங்களூர்த் தமிழர்கள் எல்லாரும் ரயிலேறிப் பிழைக்க வந்தவர்கள் என்ற எண்ணம் கர்நாடகத்தில் பரவலாக உண்டு. அதற்கு மறுப்பாக நம் ஆட்கள் கல்வெட்டுகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கல்வெட்டுகள் இருப்பது உண்மை. மடிவாளா சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கோயிலின் கல்வெட்டு ஒன்று வெங்களூரின் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. தொம்மலூர் சொக்கநாதசாமி கோயில் சுவர்களில் தமிழ் எழுத்து நிறைய. ஒயிட்ஃபீல்டுக்குப் பக்கத்தில், இன்று மென்பொருள் பூங்காக்கள் நிற்கும் வட்டாரத்தில், ஏரி வெட்டிய செய்தி சொல்லும் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. இவற்றையெல்லாம் படியெடுத்து, தமிழைத் தமிழ் எழுத்திலேயே 1905-ல் அச்சிட்டவர் லூயிஸ் ரைஸ். அவர் பெங்களூரில் பிறந்த ஆங்கிலேயர். மைசூர் அரசின் தொல்லியல் துறையை நடத்தியவர். மைசூர் அரசாங்கம்தான் அதற்குச் செலவும் செய்தது.

ஆனால் கல்வெட்டு நிலப் பட்டா அல்ல. பேகூரில் கிடைத்த நடுகல்லில் ‘பெங்களூரு’ என்ற பெயர் பழங்கன்னடத்தில் இருக்கிறது. அது ஏறத்தாழ 1,100 ஆண்டுப் பழமையானது, மடிவாளாவுக்கு மூத்தது. யார் முந்தி வந்தது என்ற பந்தயத்தில் இரண்டு பக்கமும் கல் இருக்கிறது. இந்த ஊரின் பழைய வரலாற்றைத் தேடினால் கிடைப்பது உரிமைப் பத்திரம் அல்ல, போக்குவரத்துதான். 1638-ல் பீஜப்பூர் படை பெங்களூரைப் பிடித்து, சத்ரபதி சிவாஜியின் தந்தை சாகாஜிக்கு ஜாகீராகத் தந்தது. சாகாஜியின் இன்னொரு மகன் ஏகோஜி பெங்களூரிலிருந்து புறப்பட்டுப்போய்த்தான் 1670-களில் தஞ்சையைப் பிடித்தார். சரஸ்வதி மகாலைப் பேணி வளர்த்த தஞ்சை மராட்டியர் வம்சத்தின் பிறந்தகம் பெங்களூரு என்பது தஞ்சாவூர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாது. கெம்பே கவுடர் பெயரில் விமான நிலையம் இருக்கும் ஊரில் மல்லேசுவரத்துக் காடுமல்லேசுவரர் கோயிலில் ஏகோஜியின் கல்வெட்டு இருக்கிறது.

இந்தப் போக்குவரத்துக்கு உயிருள்ள சாட்சி கரகம். சித்திரைப் பௌர்ணமி இரவில் பேட்டையின் தர்மராயசாமி கோயிலிலிருந்து பூக்கரகம் புறப்படும். திரௌபதி வழிபாடு, செஞ்சிப் பக்கத்துத் திரௌபதியம்மன் திருவிழாக்களைப் பார்த்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. கரகம் எடுப்பவர்கள் திகளர்கள், வன்னிய குலத்தவர். எப்போதோ தமிழ்ப் பக்கத்திலிருந்து வந்து தோட்ட வேலையில் கைதேர்ந்தவர்கள். 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாகில் பாடுபட்டவர்கள். இன்று அவர்களைத் தமிழர் என்று யாரும் சொல்வதில்லை, அவர்களும் சொல்லிக்கொள்வதில்லை. அவர்கள் பேட்டையின் ஆதிக் கன்னடக் குடிகள்; கரகம் கன்னடரின் திருவிழா. அந்த இரவில் கரகம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய் வருகிறது. எந்த நல்லிணக்கக் குழுவும் கூடித் தீர்மானம் போட்டு இது நடக்கவில்லை.

தண்டுத் தமிழர்களின் கதை வேறு மாதிரி. அவர்கள் கலக்க வேண்டிய அவசியம் குறைவாக இருந்தது. தண்டுக்குள் தமிழும் உருதும் ஆங்கிலமும் போதும். அல்சூர் ஏரிக்கரையில் தளம் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் சிப்பாய்களை ராணுவத்தில் இன்றும் ‘தம்பி’ என்றே அழைக்கிறார்கள். பின்னி மில்லில் தறி ஓட்டியவர்கள், கோலார் தங்கவயலில் பூமிக்குள் இறங்கியவர்கள் என்று உழைப்பின் வரிசை நீளும். தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட பிறகு அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குச் சென்னைக்கு வெளியே வலுவான கிளைகள் அமைந்த இடங்களில் தங்கவயலும் பெங்களூரும் உண்டு. தமிழ்நாட்டின் அறிவு வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கிளைகளுக்கு இன்னும் பக்கங்கள் ஒதுக்க வேண்டும்.

தண்டிலிருந்து பூங்காவைக் கடந்து மறுகரைக்குப் போன ஒருவரைச் சொல்ல வேண்டும்: ஆற்காடு நாராயணசாமி முதலியார். வறுமையில் தொடங்கி, கடை வைத்து, ஒப்பந்தக்காரராக வளர்ந்தவர். கப்பன் பூங்காவின் ஓரத்தில் செந்நிறத்தில் நிற்கும் அட்டார கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தம் அவருடையது. மைசூர் ராஜ்ஜியத்தின் பதினெட்டுத் துறைகளுக்காக 1868-ல் முடிந்த கட்டடம். இன்று கர்நாடக உயர் நீதிமன்றம். சம்பாதித்ததை அவர் பள்ளிகளில் போட்டார். 1873-ல் தொடங்கிய ஆர்.பி.ஏ.என்.எம். கல்விக்கூடங்கள் இன்றும் நடக்கின்றன. சாதி பார்க்காமல், ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துத் தொடங்கிய பள்ளி அது. அந்தச் செந்நிறக் கட்டடத்துக்கு எதிரே விதான சௌதா. கர்நாடகத்தின் பெருமையைச் சொல்லும் எந்தப் படத்திலும் இரண்டும் சேர்ந்தே வரும்.

இன்னொரு விதமான கரை தாண்டல் இலக்கியத்தில் நடந்தது. மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டுமொழி தமிழ். கன்னடச் சிறுகதையின் மூலவர் என்று அவரைத்தான் கன்னடர்கள் கொண்டாடுகிறார்கள். 1983-க்கான ஞானபீடம் அவருக்குக் கிடைத்தது. கன்னட நவீன நாடகத்தை ஆரம்பித்துவைத்த டி.பி. கைலாசம் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பு.தி. நரசிம்மாச்சாரும் அப்படியே. கன்னட இலக்கியச் சபையில் இவர்களை விருந்தாளிகளாக யாரும் நடத்தவில்லை. மறுதிசையிலும் ஆள் உண்டு. பெங்களூரில் மராட்டியக் குடும்பத்தில் பிறந்து, நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்த சிவாஜி ராவ், தமிழ்நாட்டின் ரஜினிகாந்த் ஆனார். கன்னடத் திரையுலகமே வெகுகாலம் கோடம்பாக்கத்து ஸ்டுடியோக்களில்தான் குடியிருந்தது. கன்னட மொழியின் முகமாகவே ஆகிவிட்ட ராஜ்குமார் பிறந்த காஜனூர் இன்று ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது.

அந்தக் காஜனூர் வீட்டிலிருந்துதான் 2000 ஜூலையில் வீரப்பன் அவரைக் கடத்திப்போனார். 108 நாள் கர்நாடகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. வீரப்பன் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, பெங்களூரில் திருவள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும் என்பது. அல்சூர் ஏரிக்கரையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியால் 1991-ல் நிறுவிய சிலை, எதிர்ப்பின் காரணமாகத் துணி சுற்றியபடியே நின்றுகொண்டிருந்தது. காட்டில் துப்பாக்கியோடு திரிந்த ஒருவர் வள்ளுவருக்கு வக்காலத்து வாங்கியதால் பெங்களூர்த் தமிழர்களுக்கு என்ன லாபம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மூன்றரை மாதமும் அவர்கள் கடைக் கதவைப் பாதி மூடிவைத்து வியாபாரம் செய்தார்கள். வீரப்பனிடம் தங்களுக்காகப் பேசச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. 2009 ஆகஸ்டில் கருணாநிதியும் எடியூரப்பாவும் சேர்ந்து சிலையைத் திறந்தார்கள். அதே வாரத்தில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டு முடிச்சை இரண்டு முதல்வர்கள் ஒரே வாரத்தில் அவிழ்த்தார்கள். மனம் இருந்தால் இது முன்பே முடிந்திருக்கும்.

2025 மே மாதம் சென்னை மேடையொன்றில் கமல்ஹாசன் கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்ற பொருள்படப் பேசினார். மொழியியலாளர் யாரும் இதை இப்படிச் சொல்ல மாட்டார். தமிழும் கன்னடமும் ஒரு தாய் வயிற்றுச் சகோதரிகள் என்பதே பாடப்புத்தக அளவிலான உண்மை. அதனால் எழுந்த எதிர்ப்பில் அவர் நடித்த ‘தக் லைஃப்’ படம் கர்நாடகத்தில் வெளியாகவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. படத்தை வன்முறை மிரட்டலால் தடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது சரி. ஆனால் சென்னையில் கைதட்டு வாங்கும் இப்படிப்பட்ட ஒரு வாக்கியத்துக்கு வட்டி கட்டுவது யார்? அடுத்த நாள் சிவாஜிநகரில் கடை திறக்கப் போகிறவர். நம் பழம்பெருமைப் பேச்சாளர்களுக்குப் பெங்களூர்த் தமிழன் பார்வையாளர் வரிசையில் உட்காரும் ரசிகன். அவனுக்கும் அயலார் உண்டு, அவர்களோடு அவன் நாளையும் வாழ வேண்டும் என்பது ஞாபகத்துக்கு வருவதில்லை.

இரண்டு கரைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். இதற்குள் மூன்றாவது ஊர் ஒன்று முளைத்துவிட்டது. 1985-ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் வந்தது முதல் எலெக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு, வெளிவட்டச் சாலை என்று பழைய ஊரைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. அங்கே வாழ்வதற்குக் கன்னடமும் தேவையில்லை, தமிழும் தேவையில்லை. அலுவலகத்தில் ஆங்கிலம், காவலாளியிடம் இந்தி, மற்றதெல்லாம் கைப்பேசிச் செயலி. சிவாஜிநகரில் இறைச்சி வெட்டும் உருதுக்காரருக்கு நாலு மொழி தெரியும். தெரியாவிட்டால் வியாபாரம் இல்லை. அவென்யூ ரோட்டில் பழைய புத்தகம் விற்பவருக்கு ஐந்து மொழியில் பேரம் பேச வரும். ஒரு மொழியும் கூடுதலாகக் கற்காமல் பத்தாண்டு இந்த ஊரில் சௌகரியமாக வாழ முடிவது புதிய ஊரில்தான். அந்தச் சௌகரியத்தை அனுபவிப்பவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பொறியாளர்களும் ஏராளம். அவர்களுக்கும் அல்சூர்த் தமிழர்களுக்கும் ஒரே மொழி என்பதைத் தவிரப் பொதுவாக எதுவுமில்லை.

கன்னடரின் கோபம் இடம் மாறியிருப்பதும் இதனால்தான். 1980-களின் தொடக்கத்தில், பள்ளிக் கல்வியில் கன்னடத்துக்கு முதலிடம் கேட்ட கோகாக் அறிக்கையை அமல்படுத்தக் கோரி ராஜ்குமார் தலைமையில் எழுந்த போராட்டக் காலத்தில் எதிரே தெரிந்தவற்றில் தமிழும் ஒன்று. 2017-ல் மெட்ரோ நிலையங்களில் இந்திப் பலகை வேண்டாம் என்று எழுந்த போராட்டத்தில் பெங்களூர்த் தமிழர்கள் கன்னடர்களோடு நின்றார்கள். 2023 டிசம்பரில் கடைப் பலகையில் அறுபது சதவீதம் கன்னடம் வேண்டும் என்று கண்ணாடிகள் உடைபட்டபோது உடைந்ததில் பெரும்பகுதி ஆங்கிலப் பலகை. உடைப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் சொந்த ஊரில் தன் மொழி தேவையற்றதாகிவிடுமோ என்ற கன்னடனின் பயம் பொய்யில்லை. 2011 கணக்கெடுப்பின்படி பெங்களூரு நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. சென்னையில் தமிழுக்கு அப்படி ஒரு நிலை வந்தால் நாம் என்ன செய்வோம் என்று கேட்டுப்பார்த்தால் போதும், மேலும் விளக்கம் தேவைப்படாது.

அதே கணக்கெடுப்பில் தமிழர் பங்கு 15 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. இந்த எண்ணுக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. மாநிலச் சீரமைப்பு நடந்த 1956-ல் மொழிச் சிறுபான்மையினருக்கு வகுத்த காப்புகளின்படி, ஒரு மாவட்டத்திலோ அதற்குக் கீழான வட்டாரத்திலோ 15 சதவீதமோ அதற்கு மேலோ பேசும் மொழியில் முக்கிய விதிகளும் அறிவிப்புகளும் வெளியாக வேண்டும். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர அரசமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. இது யாரும் யாருக்கும் போடும் பிச்சையல்ல; இதைக் கேட்பதற்கு யாரையும் பகைக்க வேண்டியதுமில்லை. கேட்க வேண்டிய முறையில் கேட்டவர்கள்தான் குறைவு. சிலைக்காகச் செலவிட்ட சக்தியில் பாதியைத் தமிழ் வகுப்புகளுக்காகச் செலவிட்டிருந்தால் தண்டுப் பகுதியில் ஒவ்வொன்றாக மூடிய தமிழ்ப் பிரிவுகளில் சில மிஞ்சியிருக்கும். பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தமிழ்ப் பள்ளி மூடியதற்குக் கன்னடரைக் குறைசொல்வது நேர்மையல்ல.

கர்நாடகத்திடம் இதைக் கேட்கும் வாயால் தமிழ்நாட்டையும் கேட்க வேண்டும். ஓசூர் வட்டாரத்தில் தெலுங்கும் கன்னடமும், தாளவாடியில் கன்னடமும் பேசும் மக்கள் வெளியூரிலிருந்து வந்தவர்களல்ல. எல்லைதான் அவர்கள்மேல் வந்து விழுந்தது. 2006-ன் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு பத்தாம் வகுப்பில் தங்கள் தாய்மொழியை எழுத அவர்கள் ஒவ்வொரு ஆண்டும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. தாளவாடிப் பிள்ளைக்கு நாம் கொடுக்காததை அல்சூர்ப் பிள்ளைக்குக் கேட்கும்போது குரல் உயர மறுக்கிறது. தமிழ்நாடு அரசு ஓசூரில் முன்மாதிரியாக இரண்டு பள்ளிகளைக் கன்னடத்திலும் தெலுங்கிலும் முறையாக நடத்திக் காட்டட்டும். பெங்களூர்த் தமிழருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

பெங்களூர்த் தமிழரும் ஒன்று செய்ய வேண்டும். கன்னடம் பேசாத பழைய தண்டுத் தமிழர் அரிது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் உண்டு, மூன்றாம் தலைமுறையிலும். மாஸ்தியைக் கன்னடத்தில் படிக்காமல் அவர் நம்மவர் என்று பெருமை பேசுவதில் பொருளில்லை. வாசிக்கத் தெரிந்தால் வார்டு அலுவலகத்தில் இடைத்தரகர் தேவைப்பட மாட்டார் என்ற லாபமும் இருக்கிறது.

மாநகராட்சியின் புதிய பிரிவினையில் சிக்கப்பேட்டை, சாம்ராஜ்பேட்டை, காந்திநகர் ஆகிய பழைய பேட்டைத் தொகுதிகளும் சிவாஜிநகர், சாந்திநகர், சி.வி. ராமன் நகர் ஆகிய தண்டுப் பக்கத் தொகுதிகளும் ஒரே மாநகராட்சிக்குள், பெங்களூரு மத்தியில் வந்திருக்கின்றன. மற்ற நான்கும் பெரும்பாலும் பின்னர் வளர்ந்த பகுதிகள். பேட்டையும் தண்டும் இப்படி நெருக்கமாக ஒரே மன்றத்தில் சேரும் வாய்ப்பு இந்த ஊருக்கு அரிதாகவே கிடைக்கிறது. வரிச் சீட்டையும் கொள்ளைநோய் எச்சரிக்கையையும் குடிநீர் நிறுத்த அறிவிப்பையும் கன்னடத்தோடு சேர்த்துத் தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும் அச்சடிப்பதற்கு அந்த மன்றம் ஒரு தீர்மானம் போட்டால் போதும். பெங்களூரிலிருந்து தில்லிக்கோ சென்னைக்கோ கோப்பு போக வேண்டியதில்லை. அந்தத் தீர்மானத்தை ஒரு கன்னட உறுப்பினர் முன்மொழிய வேண்டும் என்பது என் ஆசை. கன்னடமே முதல் வரியில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்ற திருத்தத்தை ஒரு தமிழ் உறுப்பினர் கொண்டுவரலாம்.